மூன்றாம் இடத்தில் எடுக்கப்படாத சேறு

அனுப்புநர்
மாதிரி பிரிப்பாளர் (முதல்நிலை),
பணியாளர் எண் 117,
சலிப்பு அறை, தரைத்தளம்,
கடலடி ஆய்வு நிலையம்,
துறைமுகச் சாலை.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கடலோரச் சூழல் கண்காணிப்புத் துறை,
தலைமை அலுவலகம், மூன்றாம் தளம்.

வழி: நிலையப் பொறுப்பாளர் அவர்கள் (இரண்டு முறை கொடுத்தும் வாங்க மறுத்துவிட்டதால், பதிவுத் தபாலில் நேரடியாக).

பொருள்: கடலடி உயிரினங்கள் – இருபத்தாறு ஆண்டுக் கண்காணிப்பு – "மாற்றம் ஏதுமில்லை" என்னும் அறிக்கை – மூன்றாம் இடத்தின் மாதிரிகள் அந்த இடத்தில் எடுக்கப்படாதவை – உரிய இடத்தில் மறுபடி மாதிரி எடுக்கவும், அதுவரை புதிய எல்லையில் மண் கொட்டுவதை நிறுத்திவைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. துறையின் இருபத்தாறு ஆண்டு அறிக்கை, சென்ற மாதம் வெளியிடப்பட்டது.
2. தூர்மண் கொட்டும் எல்லையை வடக்கே விரிவாக்கும் ஆணை, வரும் முதல் தேதியிலிருந்து நடைமுறை.
3. நிலையப் பொறுப்பாளர் அவர்களின் எச்சரிக்கை (வாய்மொழி; எழுத்தில் கேட்டேன், தரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகச் சேறு சலித்து வருகிறேன். மாதிரி பிரிப்பாளர் என்பது வருகைப் பதிவேட்டில் உள்ள பதவி. கட்டடத்தில் இருப்பவர்களுக்கு நான் சேத்தக்கா. இதற்கு முன் என்னிடமிருந்து தங்கள் மேசைக்கு ஒரு துண்டுத் தாள்கூட வந்ததில்லை. ஆனால் பார்வை 1-இல் கண்ட அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், "மாதிரிகளைப் பிரித்து எண்ணியவர்" என்னும் வரியில் இருப்பவள் நான்தான். ஆகவே இதை வெளியாள் யாரோ வயிற்றெரிச்சலில் எழுதிய புகார் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நடந்த தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. அதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

2. தாங்கள் எங்கள் நிலையத்திற்கு ஒரே ஒரு முறை வந்தீர்கள். அன்று சலிப்பு அறை வரைக்கும் வந்துவிட்டு, ஃபார்மலின் நெடி தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று வாசலிலேயே திருப்பி அழைத்துச் சென்றுவிட்டார்கள். எனவே உள்ளே என்ன வேலை நடக்கிறது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை எங்கள் படகு கடலில் ஐந்து இடங்களுக்குப் போகிறது. ஒவ்வோரிடத்திலும் கிராப் என்று நாங்கள் சொல்லும் இரும்புக் கவ்வியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அது வாயைத் திறந்தபடி இறங்கும். தரையைத் தொட்டதும் மூடிக்கொண்டு ஒரு வாய் சேற்றோடு மேலே வரும். அந்தச் சேறு வாளியில் எனக்கு வரும். நான் அதைச் சல்லடையில் கொட்டி, ரப்பர் குழாயால் தண்ணீர் பாய்ச்சிக் கரைப்பேன். சேறு போய்விடும், அதில் குடியிருந்தவை தங்கிவிடும். ரோஸ் சாயம் போட்டால் உயிருள்ளவை எல்லாம் இளஞ்சிவப்பாகும். வெள்ளைத் தட்டில் பரப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, இனம் பிரித்து எண்ணுவேன். ஒரு வாளிச் சேற்றுக்கு நான்கு நாள் பிடிக்கும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதானே என்று ஒருவர் கேட்டார். ஆமாம், இங்கே கல்லை விட்டுவிட்டு மற்றதைப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. அந்த வாளிக்குள் என்ன இருக்கும் என்று கேட்டால் பலர் "புழு" என்று சொல்லி முகத்தைச் சுளிப்பார்கள். புழுவும் உண்டு. மணலை ஒட்டி ஒட்டித் தனக்கொரு குழாய் கட்டி அதற்குள் உட்கார்ந்திருக்கும் புழு உண்டு. நகக்கண் அளவே உள்ள வெள்ளை மட்டி உண்டு. ஐந்து மெல்லிய கைகளோடு, தொட்டால் ஒடிந்துபோகும் நட்சத்திரங்கள் உண்டு. வளை தோண்டும் குட்டி இறால் உண்டு. மூன்றாம் இடத்தில் மட்டும் ஏறக்குறைய அறுபது இனங்கள். ஓர் ஆண்டு மட்டி குறைந்தால் புழு கூடும். அடுத்த ஆண்டு புழு இறங்கினால் நட்சத்திரம் ஏறும். ஆனால் மொத்தக் குடித்தனம் குலையாது. ஒன்பதாம் ஆண்டில் பெரும் புயல் அடித்துத் தரையையே புரட்டிப் போட்டது. அப்போது அறுபது இனம் இருபத்தெட்டாகக் குறைந்தது. பழைய நிலைக்குத் திரும்ப மூன்று ஆண்டு ஆனது. ஒவ்வோர் இனமாகத் தட்டில் மறுபடி வந்து சேர்வதை நான் கண்ணால் பார்த்தேன். அறிக்கையில் "நிலைத்தன்மை" என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுமே நடக்காமல் சும்மா கிடப்பது அல்ல ஐயா அது. அத்தனை உயிர்களும் விழுந்து எழுந்து விழுந்து எழுந்து காப்பாற்றிக்கொண்ட ஒன்று.

4. பதினோர் ஆண்டுகளுக்கு முன், துறைமுக வாய்க்காலைத் தூர்வாரி எடுக்கும் மண்ணைக் கடலில் கொட்ட ஓர் எல்லை வகுக்கப்பட்டது. எங்கள் ஐந்து இடங்களில் மூன்றாம் இடம் அந்த எல்லையின் நட்டநடுவே அமைந்தது. மற்ற நான்கும் வெளியே. மண் கொட்டுவதால் கடலடிக்குக் கேடு உண்டா இல்லையா என்று சொல்லக்கூடியது மூன்றாம் இடம் ஒன்றுதான். இந்தப் பதினோர் ஆண்டுகளும் அதன் கணக்கு ஒரு மாற்றமும் இன்றி ஐம்பத்தெட்டு, அறுபத்தொன்று, அறுபது என்றே வந்துகொண்டிருந்தது. அதை வைத்துத்தான் அறிக்கை எழுதப்பட்டது. வெளியீட்டு விழாவில் தாங்கள் ஒலிபெருக்கியில், "இந்தச் சேறு எதையும் தாங்கும்" என்று கூறினீர்கள். அரங்கமே கைதட்டியது. கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். உண்மை தெரிந்த பிறகும் தட்டினேன். அது எப்படி என்பதை இனி வரும் பத்திகளில் விளக்குகிறேன்.

5. எங்கள் படகை இருபத்தாறு ஆண்டுகளாக ஓட்டி வருபவர் என் உடன்பிறந்த அண்ணன். இந்த உறவு நிலையத்தில் அனைவரும் அறிந்தது. மறைக்க ஒன்றுமில்லை என்பதால் இங்கேயும் பதிவு செய்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் அண்ணனுக்குக் கண்புரை அறுவை நடந்தது. அந்த முறை மட்டும் வேறொரு படகோட்டி தற்காலிகமாக வந்தார். அவருக்கு எங்கள் கடலில் எந்தப் பழக்கமும் இல்லை. எனவே படிவத்தில் அச்சிட்டிருந்த அட்சரேகை தீர்க்கரேகை எண்களை ஜி.பி.எஸ். கருவியில் தட்டிவிட்டு, அது காட்டிய இடத்தில் போய் நின்றார். பழக்கமுள்ள ஆள் எவரும் செய்யாத காரியம் அது.

6. நான்கு இடங்களின் வாளிகள் வழக்கம்போல் வந்தன. மூன்றாம் இடத்து வாளிகளை மூடி திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்க அடித்தது. சேறு கரி போல் கறுத்திருந்தது. நடுநடுவே களிமண் உருண்டை, செங்கல் சில்லு. அந்தப் படகோட்டி வாசலில் நின்று, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பவர்போல் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அக்கா, நீங்க குடுத்த நம்பர்லதான் நின்னேன். பதினோரு தடவை எறக்கினேன். கல்லு சிக்கி வாய் மூடவே மாட்டேங்குது. கஷ்டப்பட்டு இந்த ரெண்டு வாளிதான் தேறுச்சு." நிலையப் பொறுப்பாளர் வந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார், படிவத்தில் "மாதிரி எடுப்பில் பிழை" என்று எழுதினார். "எடம் தெரியாத ஆளு, எங்கயோ போய் அள்ளிட்டு வந்திருக்கான். கொட்டிடுங்க. உங்க அண்ணன் கண்ணு சரியாகி வரட்டும்" என்றார்.

7. ஒரு வாளியைக் கொட்டினேன். இரண்டாவதையும் கொட்டத்தான் தூக்கினேன். ஆனால் கை பழக்கத்தில் சல்லடையில் ஊற்றிவிட்டது. ஊற்றியதைச் சலித்தேன், சலித்ததற்குச் சாயம் போட்டேன், சாயம் போட்டதை எண்ணினேன். நான்கு நாள் ஆகும் வேலை அன்று மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஏனென்றால் பிரிப்பதற்கு எதுவுமே இல்லை. இழை போன்ற சிவப்புப் புழு ஒரே இனம், நானூற்றுப் பன்னிரண்டு. வேறு எதுவும் கிடையாது. காலியான மட்டி ஓடுகள் சில. அந்தச் சிவப்புப் புழுவின் மேல் எனக்குக் கோபமில்லை. மற்றவை மூச்சுத் திணறிப் போன வீட்டில் மட்டும் வந்து குடியேறும் பிராணி அது. மண் கொட்டுவதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளில் மூன்றாம் இடத்தில் ஒரு வாளிக்கு அது நான்குக்கு மேல் கண்டதில்லை. அந்தப் புழுக்கள் ஒரு சிறு குப்பியில் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. எண்ணிப் பார்க்கத் தங்களுக்கு நேரமிராது. யாரையாவது எண்ணச் சொல்லுங்கள்.

8. அடுத்த மாதம் அண்ணன் பணிக்குத் திரும்பி, மூன்றாம் இடத்துக்குப் போய் மறுபடி சேறு எடுத்து வந்தார். நாற்றமில்லாத, வழவழப்பான, சாம்பல் நிறச் சேறு. அறுபத்தொரு இனம். நிலையப் பொறுப்பாளர் மேசையைத் தட்டி, "பாத்தீங்களா?" என்றார். நானும் பார்த்தேன். ஒரே இடத்துச் சேறு ஒரு மாதத்தில் செத்துப் பிழைக்காது என்பது எனக்குத் தெரியும். புயலுக்குப் பிறகு மூன்று ஆண்டு காத்திருந்தவள் நான். அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாற்காலியில் தலையைச் சாய்த்திருந்தார். எங்கே நிறுத்தினாய் என்று நேராகவே கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னது: "அங்க போனா பாதி வாய்தாம்மா வருது. பாதி வாய் வந்தா கொட்டிட்டுத் திரும்ப எடுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க? எத்தனை தடவைதான் எறக்கறது? கொஞ்சம் தள்ளிப் போனா முழு வாய் வரும். சேறு நல்லா இருந்தாத்தானே உனக்கும் சலிக்க வசதி?"

9. ஐயா, அந்த விதி உண்மையிலேயே படகின் உட்சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. "பாதிக்குக் குறைவாக நிரம்பிய மாதிரியை நிராகரித்து மீண்டும் எடுக்கவும்." நல்ல விதிதான். அரைகுறை வாய்ச் சேற்றை எண்ணினால் கணக்குத் தப்பாகும். ஆனால் எத்தனை முறை நிராகரித்தோம் என்று எழுதப் படிவத்தில் கட்டமில்லை. எங்கே நின்று எடுத்தோம் என்று எழுதவும் கட்டமில்லை. அந்த எண்கள் அச்சகத்திலேயே அச்சாகி வருகின்றன. படகு எங்கே நின்றாலும் தாள் மூன்றாம் இடம் என்றே சொல்லும். மண் கொட்டத் தொடங்கிய முதல் ஆண்டில் கல் சிக்கியதால் அண்ணன் நூறு மீட்டர் நகர்ந்தார். அங்கும் மண் பரவிவந்தபோது இன்னும் கொஞ்சம். இப்படி ஆண்டுக்கு ஆண்டு, நல்ல சேறு பின்வாங்கப் பின்வாங்க, எங்கள் படகும் அதன் பின்னாலேயே வடக்கு நோக்கிப் போயிருக்கிறது. இன்று அச்சிட்ட இடத்துக்கும் படகு நிற்கும் இடத்துக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவியில் அண்ணன் அந்த இடத்தைச் சேமித்து வைத்திருக்கிறார். அதற்கு அவர் கொடுத்திருக்கும் பெயர் "நல்ல சேறு". திரையின் படம் இணைக்கப்பட்டுள்ளது. ஏமாற்ற நினைப்பவன் இப்படியா பெயர் வைப்பான்?

10. அண்ணனை மட்டும் சொல்லி நான் கை கழுவிக்கொள்ளவில்லை. முதல் பதினைந்து ஆண்டுகள் மூன்றாம் இடத்துச் சேற்றில் இலைத் துணுக்கும் மரத்தூளும் ஏராளமாக வரும். ஆற்று வாய்க்கு நேரே இருந்த இடம் அது. அவற்றைப் பொறுக்கி ஒதுக்கவே ஒரு நாள் போகும். பிறகு அந்தக் குப்பை ஆண்டுக்காண்டு குறைந்தது. சில ஆண்டுகளில் அறவே நின்றது. பதினைந்து ஆண்டுக்கு மேல் அனுபவமுள்ளவள் அப்போதே நாற்காலியை விட்டு எழுந்து கேட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாடா, வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது. சேறு எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் தலையைக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

11. நான்கு மாதங்களுக்கு முன், அறிக்கை அச்சுக்குப் போகும் முன்பே, இவை அனைத்தையும் நிலையப் பொறுப்பாளரிடம் கூறினேன். எங்களுக்குள் அவருக்குச் "சராசரி" என்று பெயர். எந்த எண் கூடினாலும் குறைந்தாலும் உடனே சராசரி எடுத்துச் சமாதானமாகிவிடுவார். இதைத் தங்களிடம் எழுதுவது மரியாதையில்லை என்று தெரியும். ஆனால் அன்று அவர் பேசியதும் மரியாதையாக இல்லை. "ஒரு வாளிய வெச்சுக்கிட்டு இருபத்தாறு வருஷத்தைக் கவுக்கப் பாக்குறீங்களா?" என்று தொடங்கினார். அந்த ஒரு வாளி போதாதென்றால் மறுபடி ஐந்து வாளி எடுப்போம், ஒரே ஒரு நாள் படகு கொடுங்கள் என்றேன். அதற்கு அவர் குரலைத் தாழ்த்தி, அக்கறையாகவே சொன்னார்: "யோசிச்சுப் பாருங்க. எடம் மாத்தி எடுத்தார்னு விசாரணை வந்தா மொதல்ல யார் தலை உருளும்? உங்க அண்ணன் ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்கூட இல்ல. மரியாதையா வெளிய போகட்டும்." பார்வை 3-இல் நான் குறிப்பிட்டது இதைத்தான். இதை மிரட்டல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிரட்டலாக இருந்திருந்தால் ஒருவேளை எதிர்த்திருப்பேன். அண்ணன்மேல் இரக்கம் காட்டுவதுபோல் சொன்னார்; நானும் வாயை மூடிக்கொண்டேன்.

12. அப்படி மூடிய வாயோடுதான் விழாவுக்கு வந்தேன். அப்போதுகூட எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பழைய எல்லைக்குள் நடந்தது நடந்துவிட்டது, வடக்கே அந்தச் சேறு நன்றாக இருக்கிறதல்லவா, அது இருக்கும் வரை என் எண்ணிக்கையில் பொய்யில்லை, இடத்தில்தான் பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தாறு ஆண்டு உழைத்தவள் மனசாட்சியை ஆற்ற அது போதுமானதாக இருந்தது, பத்து நாள் வரைக்கும்.

13. பதினோராம் நாள் அறிவிப்புப் பலகையில் பார்வை 2-இல் கண்ட ஆணையை ஒட்டினார்கள். வரைபடமும் இருந்தது. பழைய எல்லை நிரம்பி ஆழம் குறைந்துவிட்டதால் புதிய எல்லை வடக்கே இரண்டரை கிலோமீட்டர் நீள்கிறது. காரணமாக எழுதியிருப்பது: "பதினோர் ஆண்டுகள் தொடர்ந்து மண் கொட்டப்பட்டும் மூன்றாம் இடத்தில் உயிரினக் கூட்டம் நிலையாகவே உள்ளதால், அதே தன்மையுள்ள வடக்குத் தரையும் இதைத் தாங்கும்." ஐயா, நிதானமாக ஒரு முறை படித்துப் பாருங்கள். அந்த உயிர்கள் மண்ணைத் தாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அவை மேல் இன்றுவரை ஒரு கூடை மண்கூட விழவில்லை. மண் விழாததால்தான் அவை உயிரோடு இருந்தன. உயிரோடு இருந்ததால்தான் அண்ணன் அங்கே போனார். அவர் போனதால்தான் நான் அறுபத்தொன்று என்று எழுதினேன். நான் எழுதியதால்தான் இப்போது அவற்றின் தலையில் மண் விழப்போகிறது. நல்லபடியாக வாழ்ந்த குற்றத்துக்கு இப்படியொரு தண்டனையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

14. பலகையின் முன் என் பக்கத்தில் அண்ணனும் நின்றிருந்தார். புதுக் கண்ணில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று அறுவை முடிந்த நாளிலிருந்து பெருமையடித்துக்கொண்டிருந்தவர். வரைபடத்தில் விரலை வைத்துக் கோடு போட்டுப் பார்த்தார். விரல் தான் நிறுத்தும் இடத்துக்கு வந்ததும் எடுத்துக்கொண்டார். படகுச் சாவி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், சாவி வாங்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாம ரெண்டு பேரும் சேந்து அதுங்களக் காட்டிக் குடுத்துட்டோம்மா. எழுது. என்னையும் சேத்து எழுது. என்ன ஆனாலும் ஆகட்டும்." அவர் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளது. எழுத்துப் பிழைகளை நான் திருத்தவில்லை. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

15. ஒரு புழுவுக்கும் மட்டிக்கும் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தங்களுக்குத் தோன்றலாம். என் கணவருக்கும் தோன்றியது. இரண்டு வாரங்களுக்கு முன் சந்தையில் வாங்கிய தட்டை மீன்களை ஆய்ந்தபோது, வழக்கம்போல் வயிற்றைக் கிழித்து உள்ளே இருந்ததை ஒரு கிண்ணத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மீன் ஆயறியா, போஸ்ட்மார்ட்டம் பண்றியா? பசிக்குது" என்று அவர் சத்தம் போட்டார். அந்த மீன் வயிற்றில் நட்சத்திரக் கைகள் முப்பதுக்கு மேல் இருந்தன, வெள்ளை மட்டி ஒன்பது. அத்தனையும் நல்ல சேற்றின் பிள்ளைகள். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்போ அதுங்க போச்சுன்னா இதுவும் வராதா?" என்றார். வராது என்றேன். பெரிய அறிக்கைகள் படிக்காத அவருக்கு விளங்க அரை நிமிடம் ஆனது.

16. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து செய்ய வேண்டியவை. வரும் முதல் தேதிக்கு முன், ஒரே ஒரு நாள், எங்கள் படகை அச்சிட்ட எண்களில் நிறுத்தி மூன்றாம் இடத்தில் மாதிரி எடுக்க உத்தரவிட வேண்டும். என் அண்ணனும் நானும் படகில் இருக்க வேண்டியதில்லை. எங்களை நம்ப வேண்டாம். வேறு நிலையத்து ஆட்களை அனுப்புங்கள். அரை வாய் வந்தாலும் கொட்டாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். எத்தனை முறை இறக்கினார்கள் என்பதைப் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். அதன் முடிவு வரும் வரை பார்வை 1-இல் கண்ட அறிக்கையை மூன்றாம் இடத்தைப் பொறுத்தவரை செல்லாது என்று அறிவித்து, பார்வை 2-இல் கண்ட ஆணையை நிறுத்திவைக்க வேண்டும். அந்த வாளியிலும் அறுபது இனம் வந்தால், நான் புத்தி பேதலித்து எழுதினேன் என்று என் கைப்படவே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன். விசாரணை என்று வந்தால் படகோட்டியை மட்டும் நிறுத்திக் கேட்க வேண்டாம். விதியை ஒட்டியவர், படிவத்தை அச்சிட்டவர், எண்ணியவள், சராசரி எடுத்தவர், ஒப்பமிட்டவர் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கேளுங்கள். வரிசையின் கடைசியில் தாங்கள் நிற்க வேண்டிவரும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

17. இவற்றுள் எதுவும் ஆகாது, ஆணை ஆணைதான், மண் முதல் தேதி விழுந்தே தீரும் என்று தாங்கள் முடிவெடுத்துவிட்டால், கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைக் கேட்க எனக்கே நாக்கூசுகிறது. பதினைந்து ஆண்டுகள் நான் எண்ணிய இடம் அச்சிட்ட மூன்றாம் இடம். என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் அந்தத் தரையில் இருந்தது. ஆழம் குறைந்துவிட்டது, கப்பல்களுக்கு இடைஞ்சல் என்பார்கள். என்ன சொன்னாலும் சரி, அந்த மண்ணை அங்கேயே கொட்டச் சொல்லுங்கள். இன்னும் பத்து மடங்கு கொட்டினாலும் அங்கே சாவதற்கு எதுவும் மிச்சமில்லை. வடக்கே இருப்பவற்றுக்கு எதுவும் தெரியாது. தாங்கள் மைக்கில் பாராட்டியதும் தெரியாது. அவற்றை விட்டுவிடுங்கள் ஐயா.

தங்கள் பதிலை இந்த மாதம் முடிவதற்குள் எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
மாதிரி பிரிப்பாளர், பணியாளர் எண் 117

இடம்: சலிப்பு அறை, கடலடி ஆய்வு நிலையம்
நாள்: இம்மாதம் பதினெட்டாம் தேதி, ஆணை நடைமுறைக்கு வர இன்னும் பன்னிரண்டு நாட்கள் உள்ளன.